களைநாசினியும் கிணற்றுத் தண்ணீரும்

சென்ற மாரிகாலத்தில் ஒரு சனிக்கிழமை வேலணைக்குச் சென்றிருந்தேன். என் தந்தையாரின் ஒன்றுவிட்ட தமையனார் அங்கே தமது பழைய காணியைத் துப்புரவாக்கிக் குடியிருக்கிறார். படலையைத் திறந்து உள்ளே காலெடுத்து வைத்ததும் அவர் சுகம் விசாரிக்கவில்லை. என்னை நேரே தோட்டத்துக்கு அழைத்துச் சென்று தரையைச் சுட்டிக் காட்டினார்.

“தம்பி, நீ பிள்ளையளுக்கு இரசாயனம் படிப்பிக்கிறனி. உந்த மருந்துக்கு என்ன பிடிச்சதெண்டு சொல்லு பாப்பம். அடிச்சு இரண்டு கிழமையாப் போச்சு. கோரை என்னைப் பார்த்துச் சிரிக்குது.”

உண்மையில் கோரை சிரிக்கத்தான் செய்தது. இலைகளின் நுனி சற்றே மஞ்சளித்திருந்தது; அடியிலோ புதிய குருத்துகள் பளபளவென்று எழுந்து நின்றன. அறுகம்புல்லும் அவ்வாறே. கடைக்காரர் பழுதான மருந்தைத் தம் தலையிற் கட்டிவிட்டார் என்பது பெரியையாவின் முடிவு. போத்தலை வாங்கிப் பார்த்தேன். முத்திரை, பதிவிலக்கம், காலாவதித் திகதி யாவும் ஒழுங்காகவே இருந்தன. மருந்தின் பெயர் கிளைபோசேற்று. அன்று என்னால் உடனே விடை கூற இயலவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அதனையே எண்ணிக்கொண்டு வந்தேன். பின்னர் நான் அறிந்ததையும், அதனை நாடிச் சென்றபோது என்னைத் திடுக்கிட வைத்த வேறு சிலவற்றையும் இவ்வாரம் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன். கமம் செய்யாத குடும்பத்தவரும் இதனைப் படித்தல் நன்று. தீவுப்பகுதியிற் குடிக்கும் நீரும் கமத்துக்கு இறைக்கும் நீரும் இரண்டல்ல என்பதே காரணம்.

களை என்பது யாது?

தாவரவியலில் களை என்றொரு குலம் இல்லை. நாம் வேண்டாத இடத்தில் முளைப்பது எதுவோ அதுவே களை. பிள்ளையாருக்கு அறுகு சார்த்துகிறோம். அதே அறுகு வெங்காயப் பாத்தியில் தலைகாட்டினால் மண்வெட்டியை எடுக்கிறோம். கோரைக்கிழங்கு நாட்டு வைத்தியருக்கு நல்ல மருந்துச் சரக்கு. தோட்டக்காரருக்கு அது தீராத தலையிடி. உலகெங்குமுள்ள பயிர்நிலங்களுக்கு மிகுந்த தொல்லை தரும் களை எது என்று ஆராய்ந்த தாவரவியலார் முதலிடம் கொடுத்தது இந்தக் கோரைக்கே என்பதை அறிந்தால் நம்மவர் சிறிது ஆறுதல் அடையலாம்.

முன்னாளில் தீவகத்துக் கமக்காரர் களையோடு போரிட்ட முறை வேறு. முதல் மழைக்கு முளைத்த களையை உழுது மடக்குவர். மறுபடி முளைக்க விட்டு மீண்டும் உழுவர். புகையிலைத் தோட்டங்களிற் குழையும் பழைய பனையோலையும் தாழ்த்து மண்ணை மூடுவர். அறுவடை முடிந்த வயலில் ஆடுமாடுகளைப் பட்டி அடைப்பர். பெண்களும் பிள்ளைகளும் வரிசையாகக் குந்தியிருந்து களை பிடுங்குவர். இவை அனைத்துக்கும் ஆள் வேண்டும். 1990ஆம், 1991ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வுக்குப் பின் தீவுகளில் இல்லாமற் போனது அந்த ஆள்தான். புங்குடுதீவில் இன்றும் கூரையிழந்த கல்வீடுகளும், பற்றை மூடிய வளவுகளும், உள்ளே ஆலங்கன்று முளைத்த கிணறுகளும் காணக் கிடைக்கின்றன. பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் இருக்க, அறுபது, எழுபது வயதுக்காரர் திரும்பி வந்து காணி திருத்துகின்றனர். முழங்கால் மடக்க முடியாதவரைக் களை பிடுங்கச் சொல்ல முடியுமா? அவர் கை மருந்துப் போத்தலை நாடுவதில் வியப்பில்லை. களைநாசினியைப் பழிப்பவர்கள் முதலில் இதனை நினைத்துக்கொள்ள வேண்டும்.

போதாக்குறைக்கு, 1980களின் பிற்பகுதியில் இந்நாட்டுக்கு வந்ததாகக் கருதப்படும் பார்த்தீனியம் என்ற புதிய களையும் வடபகுதியிற் பரவிவிட்டது. சிறு வெண்பூக்கள் கொண்ட அச்செடி தோலில் அரிப்பையும் சிலருக்கு மூச்சிழுப்பையும் உண்டாக்குவது. அதனைப் பூப்பதற்கு முன் கையுறை அணிந்து வேரோடு பிடுங்குவதே நலம்.

மூன்று மருந்து, மூன்று குணம்

களைநாசினி எல்லாம் ஒன்றே என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. நம் நாட்டுக் கமக்காரர் நன்கறிந்த மூன்றினை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது 2,4-டி என்பதும் அதன் உறவினரான எம்.சி.பி.ஏ. என்பதும். இரண்டாம் உலகப்போர்க் காலத்திற் கண்டறியப்பட்டவை. தாவரத்தின் வளர்ச்சியை ஏவும் ஓமோனைப் போன்று நடித்து, அகன்ற இலைச் செடிகளைத் தாறுமாறாக வளரச் செய்து முறுக்கிக் கொல்வன. நெல் முதலிய புல்லினங்கள் பெரும்பாலும் தப்பிவிடும். ஆகையால் வயலுக்கு ஏற்றவை. ஆனால் வயலில் அடித்த மருந்தின் துளி காற்றில் மிதந்து அயலிலுள்ள புகையிலையிலோ தக்காளியிலோ பட்டால், அவ்விலைகள் சுருண்டு சிறுத்துப் போகும். வியட்நாம் போரில் காடுகள்மீது தூவப்பட்ட ‘ஏஜென்ற் ஒறேஞ்’ என்னும் கலவையில் பாதி இந்த 2,4-டியே. எனினும் தலைமுறை தலைமுறையாகத் தீங்கு விளைத்த தயொட்சின் என்ற நஞ்சு, அக்கலவையின் மறுபாதியாகிய 2,4,5-டியின் உற்பத்தியிற் கலந்த அழுக்கு. பெயர்கள் ஒத்திருப்பதாற் குற்றத்தையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

இரண்டாவது பராகுவாற்று. 1882இலேயே ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்ட இப்பொருளின் களை கொல்லும் ஆற்றல் 1955இலேதான் இங்கிலாந்திற் கண்டறியப்பட்டது. 1962இற் ‘கிறமொக்சோன்’ என்ற பெயருடன் சந்தைக்கு வந்தது. பச்சையத்தில் ஒளித்தொகுப்பு நிகழும்போது ஓடும் இலத்திரன்களைத் தட்டிப் பறித்து ஒட்சிசனிடம் கொடுக்கும். அவ்வொட்சிசன் மூர்க்கம் கொண்டு கலமென்சவ்வுகளை உடைக்கும். நல்ல வெயிலில் காலையில் அடித்தால் மாலைக்குள் வாட்டம் தெரியும். ஆனால் தொட்ட இலையை மட்டுமே கருக்கும். கீழே கிடக்கும் கோரைக்கிழங்குக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த மழைக்கு மீண்டும் முளைவிடும். மனித உடலுக்குள் சென்றாலோ நுரையீரலைத் தாக்கும், மாற்றுமருந்து கிடையாது. இலங்கை அரசு 2008ஆம் ஆண்டு முதல் இதனைப் படிப்படியாக விலக்கிவிட்டது. இன்று எவரேனும் இதனை மறைவில் விற்றால் வாங்குவது சட்டவிரோதம் மட்டுமன்று, வீட்டுக்குள் யமனுக்குப் பாய் விரிப்பதும் ஆகும்.

மூன்றாவதே பெரியையாவின் போத்தலில் இருந்த கிளைபோசேற்று. இதன் வரலாறு சுவையானது. 1950இல் சுவிற்சர்லாந்தின் மருந்துக் கம்பனியொன்றில் அன்றி மார்ட்டின் என்பவர் இதனை ஆக்கினார். மருந்துக்கு உதவாது என்று ஒதுக்கி வைத்துவிட்டனர். 1964இல் அமெரிக்காவிலே கல்சியம் முதலிய உலோகங்களைப் பற்றிப் பிடிக்கும் பொருளாக இதற்குக் காப்புரிமை பெறப்பட்டது. 1970இல் மொன்சன்ரோ நிறுவனத்தின் யோன் ஃபிறான்ஸ் என்ற இரசாயனவியலாளர் இதன் களை கொல்லும் குணத்தைக் கண்டார். 1974இல் ‘றவுண்டப்’ பிறந்தது. இந்த 1964ஆம் ஆண்டுச் செய்தியை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ளட்டும்; பெரியையாவின் புதிருக்கு விடை அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

இது கொல்லும் விதம் நிதானமானது. தாவரங்கள் பீனைலலனின், தைரோசின், திரித்தோபன் என்னும் மூன்று அமினோ அமிலங்களைத் தாமே சமைத்துக்கொள்கின்றன. அச்சமையலில் ஒரு நொதியம் இன்றியமையாதது. கிளைபோசேற்று அந்நொதியத்தின் வாயை அடைத்துவிடும். செடி பட்டினி கிடந்து ஒன்று, இரண்டு கிழமைகளில் மடியும். இலையில் விழுந்த மருந்து, இலை சமைத்த வெல்லத்துடன் சேர்ந்து வேருக்கும் கிழங்குக்கும் இறங்குவது இதன் தனிச்சிறப்பு. விலங்குகளுக்கும் மனிதருக்கும் அந்த நொதியமே இல்லை. அம்மூன்று அமிலங்களையும் நாம் உணவிலிருந்து பெறுகிறோம். “மனிதருக்குத் தீங்கற்றது” என்று விற்பனையாளர் மேடைதோறும் முழங்கியதற்கு அடிப்படை இதுவே. பாதி உண்மை. ஏனைய பாதியைப் பின்னர் பார்ப்போம்.

கேத்திலின் அடியில்

திங்கட்கிழமை வகுப்பில் உயர்தர மாணவருக்கு ஒரு சிறு வேலை கொடுத்தேன். பெரியையா வீட்டுக் கிணற்றுநீர் ஒரு போத்தல். எங்கள் வீட்டுப் பீலியில் ஏந்திய மழைநீர் ஒரு போத்தல். இரண்டிலும் சம அளவு எடுத்து, ஒரே சவர்க்காரக் கரைசலைத் துளி துளியாகச் சேர்த்துக் குலுக்கச் சொன்னேன். மழைநீர் சில துளிகளிலேயே நுரைத்துப் பொங்கியது. கிணற்றுநீர் வெண்மையாகத் திரைந்ததே தவிர நுரைக்க மறுத்தது. பின்வாங்கிலிருந்த ஒரு மாணவி, “அதுதான் சேர், எங்கட வீட்டுக் கேத்திலின்ர அடியிலை வெள்ளையாப் பிடிக்கிறது” என்றாள். அவள் ஊர்காவற்றுறைப் பிள்ளை.

நமது குடாநாடும் தீவுகளும் சுண்ணாம்புக்கல்லின் மீது அமைந்தவை. மழைநீர் அக்கல்லினூடே இறங்கும்போது கல்சியத்தையும் மகனீசியத்தையும் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. இதுவே வன்னீர். கிளைபோசேற்றோ உலோகத்தைக் கண்டால் விடாது பற்றிக்கொள்ளும் பொருள். அதற்காகவே 1964இற் காப்புரிமை பெற்றது! வன்னீரிற் கலந்தவுடன் அது கல்சியத்தைக் கட்டிக்கொள்கிறது. கல்சியத்தோடு கட்டுண்ட மருந்து இலையின் தோலைக் கடந்து உட்செல்வது கடினம். ஆக, பெரியையா பாதி மருந்தைக் கோரைக்கு அடிக்கவில்லை. தமது கிணற்றிலிருந்த சுண்ணாம்புக்கு அடித்தார். மற்றைய பாதி கோரையின் இலைநுனியை மஞ்சளாக்கியதோடு அயர்ந்துவிட்டது. புழுதி படிந்த இலைகளிலும் இவ்வாறே மருந்து வீணாகும். கலங்கல் நீரும் ஆகாது.

இதற்குப் பரிகாரம் இரண்டு. மருந்தைச் சேர்க்குமுன் தொட்டியிலுள்ள நீரில் அமோனியஞ் சல்பேற்றைக் கரைத்துக்கொள்ளும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. அது கல்சியத்தை மருந்திடமிருந்து ஒதுக்கி வைக்கும். இதைவிட எளிதானது மழைநீர். பத்துப் பதினாறு லீற்றர் கொள்ளும் தெளிகருவியை இரண்டொரு முறை நிரப்ப ஒரு பீப்பாய் மழைநீர் போதும். பெரியையா இரண்டாவதையே செய்தார். கோரை மீண்டும் இளங்குருத்து விட்டிருந்த நேரம் பார்த்து, பாதித் தரைக்குக் கிணற்றுநீரிலும் பாதிக்கு மழைநீரிலும் கலந்து, ஒரே அளவில் அடித்தார். பன்னிரண்டாம் நாள் நான் சென்றபோது எல்லை கயிறு கட்டியதுபோல் தெரிந்தது. கிழங்கோடு ஒட்டாது மண்ணுக்குள் உறங்கிக் கிடந்த துண்டுகள் பின்னர் முளைத்தன என்பதையும் சொல்லவேண்டும். எந்த மருந்தாலும் கோரையை ஒரே மூச்சில் ஒழிக்க இயலாது.

இங்கு ஓர் எச்சரிக்கை. மருந்து வேலை செய்யவில்லை என்று கண்டால் நம்மவர் செய்வது யாது? “இன்னும் ஒரு மூடி கூட விடு” என்பதே. நீரிலுள்ள குறையை மருந்தால் நிரப்புவது காசுக்கும் கேடு, காணிக்கும் கேடு.

தீவின் கீழே மிதக்கும் நீர்

கூடுதலாக விட்ட அந்த மூடி எங்கே போகும்? அதனை அறியத் தீவின் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும்.

நன்னீர் கடல்நீரிலும் இலேசானது. மாரியில் பெய்து நிலத்துள் இறங்கிய மழைநீர், கீழே ஊறிநிற்கும் உவர்நீரின் மேல் எண்ணெய்போல் மிதக்கிறது. நடுவில் தடித்தும் கரையோரம் மெலிந்தும், ஒரு கண்ணாடி வில்லையைப் போன்ற வடிவில். கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. இதனைக் கண்டு சொன்னவர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாடொன் கைபன் என்ற ஒல்லாந்தரும், 1901இல் ஹேர்ஸ்பேர்க் என்ற ஜேர்மானியரும். கைபன் ஆராய்ந்தது அம்ஸ்ரர்டாம் நகரத்தருகே கிணறு தோண்டும் பிரச்சினையை. நமது காரைதீவுக்கு, இன்றைய காரைநகருக்கு, ஒல்லாந்தர் இட்ட பெயரும் அம்ஸ்ரர்டாம், வேலணைத்தீவுக்கு லெய்டன், நெடுந்தீவுக்கு டெல்வ்ற். அவர்கள் வைத்துப்போன பெயர்கள் மறைந்தன, நெடுந்தீவின் பெயரைத் தவிர. கிணற்றுக் கணக்கு மட்டும் இரு அம்ஸ்ரர்டாமுக்கும் இன்றும் பொருந்துகிறது.

இக்கணக்கின் மறுபக்கம் அச்சந் தருவது. ஓர் அடி நன்னீரை மேலே இறைத்துத் தீர்த்தால், கீழே 40 அடி உவர்நீர் ஏறிவரும். ஆதலாற்றான் தீவுகளில் நன்னீர்க் கிணறு கோவிலுக்கு அடுத்தபடியாகப் போற்றப்பட்டது. மணலிற் பூவல் தோண்டி ஊறும் நீரைச் சிரட்டையால் அள்ளிக் குடம் நிரப்பிய மூதாட்டிகள் இன்னும் நம்மிடையே உள்ளனர். வேலணைச் சாட்டியின் மணற்பரப்பிலுள்ள நன்னீரை நம்பி எத்தனையோ வீடுகளில் உலை கொதித்தது.

இந்த மிதக்கும் நீருக்கும் தோட்டத்துக்கும் இடையில் இருப்பது சில அடி மண்ணும் வெடிப்புகள் நிறைந்த கல்லும் மட்டுமே. நாம் மேலே இடுவது கீழே போகும் என்பதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. குடாநாட்டின் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, குடிநீருக்கு உகந்த அளவைத் தாண்டியிருப்பதை ஆய்வாளர் பன்முறை எடுத்துக் காட்டியுள்ளனர். யூரியாவும் எருவும் மலக்குழிகளும் அதன் ஊற்றுகள். கிளைபோசேற்று நைத்திரேற்றைப் போல் எளிதில் ஓடுவதில்லை. மண்ணிலுள்ள இரும்பு, அலுமினிய ஒட்சைட்டுகளிலும் களியிலும் இறுகப் பற்றிக்கொண்டு, நுண்ணுயிர்களாற் சிறிது சிறிதாகச் சிதைவடையும். சில நாட்களிற் பாதி குறைவதும் உண்டு. சில மாதங்கள் எடுப்பதும் உண்டு. சிதைவிற் பிறக்கும் ஆம்பா என்ற பொருள் இன்னும் நீண்டகாலம் நிலைக்கும். ஆனால் வலிகாமத்துச் செம்மண்ணில் இரும்பு மிகுதி. கடற்கரையோரத் தீவு மணலிற் பற்றிக்கொள்ள என்ன இருக்கிறது? மேனாட்டுக் களிமண்ணில் அளந்த கணக்கை இங்கே அப்படியே ஒப்புக்கொள்வதற்கு எனக்கு மனம் வரவில்லை. தெளித்த சில மணி நேரத்துக்குள் பெருமழை கொட்டினாலோ, இலைக்குப் போகவேண்டியது நிலத்துக்கும் வாய்க்காலுக்கும் போய்விடும்.

தடையும் தடைநீக்கமும்

இம்மருந்து நம் நாட்டில் அரசியற் புயலொன்றைக் கிளப்பியது. வடமத்திய மாகாணத்தில் 1990கள் முதல் காரணம் அறியாத சிறுநீரக நோய் கமக்காரரை வாட்டி வருகிறது. 2014இல் இலங்கை ஆய்வாளர் சிலர், வன்னீரிலுள்ள உலோகங்களுடன் கிளைபோசேற்று கூடிச் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும் என்று ஒரு கருதுகோளை வெளியிட்டனர். 2015 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இப்பொருளை ‘மனிதரில் அநேகமாகப் புற்றுநோயை விளைவிக்கக்கூடியது’ என்ற வகுப்பிற் சேர்த்தது. அவ்வாண்டின் நடுப்பகுதியில் சனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் அரசு இறக்குமதியை முற்றாகத் தடைசெய்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தப்பட்டது. 2021இல் எல்லா இரசாயன உரங்களுக்கும் பீடைநாசினிகளுக்கும் சேர்த்து வந்த தடை சில மாதங்களிற் கைவிடப்பட்டது. 2022 ஓகத்தில் கிளைபோசேற்றுத் தடையும் நீக்கப்பட்டது.

தடைக்காலத்தில் நடந்தவை சிந்திக்கத் தக்கவை. தேயிலைத் தோட்டங்கள் சில வேறு களைநாசினிகளை நாடின. கடல்வழியே கடத்திவரப்பட்ட போத்தல்கள் பிடிபட்ட செய்திகள் பத்திரிகைகளில் வந்தன, பிடிபடாதவை எத்தனையோ! பதிவிலக்கம் இல்லாத, நம்மவர் படிக்கவியலாத மொழியிற் பெயர்ச்சீட்டு ஒட்டிய போத்தல் ஒன்றை நானே ஒரு தெரிந்தவர் வீட்டிற் கண்டேன். எவ்வளவு நீருக்கு எவ்வளவு கலப்பது என்பதை அவர் நிறத்தைப் பார்த்து மதித்தார்.

சிறுநீரக நோயின் காரணமோ இன்னும் ஒரே பொருளின்மேற் சுமத்தும்படி நிறுவப்படவில்லை. வெப்பத்தில் உழைத்து உடல்நீர் வற்றுதல், நீரிலுள்ள புளோரைட்டு, வன்மை, நச்சு உலோகங்கள், பீடைநாசினிகள் எனப் பலவும் ஆராயப்படுகின்றன. வன்னீரும் மருந்தும் சேர்வதே நோய் எனின், இரண்டும் மிகுந்த யாழ்ப்பாணத்தில் அந்நோய் அவ்வளவு ஏன் இல்லை என்று வினவியோரும் உண்டு. அவ்வினா நல்லது, ஆனால் அது நமக்கு வழங்கப்பட்ட நற்சான்றிதழ் அன்று.

புற்றுநோய் பற்றிய பிணக்கையும் விளங்கிக்கொள்ளலாம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை அதே 2015 நவம்பரில், புற்றுநோய் விளைவிக்கும் வாய்ப்புக் குறைவு என்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் மேலும் 10 ஆண்டுகளுக்கு அனுமதி கொடுத்தது. அமெரிக்காவிலோ 2018இல், பாடசாலை வளவுகளுக்கு மருந்தடித்த ஒரு தொழிலாளிக்குப் பெருந்தொகை நட்டஈடு வழங்கும்படி யூரிமார் தீர்ப்பளித்தனர். இவர்கள் கேட்ட கேள்விகள் வேறு வேறு. ஒரு பொருளுக்குத் தீங்கு செய்யும் இயல்பு உண்டா என்பது ஒன்று. இவ்வளவு பட்டால் எவ்வளவு தீங்கு என்பது மற்றொன்று. கடல் ஆபத்தானதா என்று கேட்டால் ஆம் என்போம். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் படகேறலாமா என்று கேட்டால், காற்று எப்படி, படகில் எத்தனை பேர், உயிர்காப்பு அங்கி உண்டா என்று விசாரிப்போம். இந்த மருந்தைக் கையாள்வதும் அப்படித்தான்.

முன்னர் ஒத்திவைத்த மறுபாதி உண்மையும் இங்கே வருகிறது. போத்தலில் இருப்பது கிளைபோசேற்று மட்டுமன்று. இலையில் ஒட்டவும் ஊடுருவவும் சவர்க்காரம் போன்ற துணைப்பொருள் ஒன்றும் கலந்திருக்கும். அவற்றுட் சில, மருந்தைவிடக் கடுமையாகத் தவளைக்கும் மீனுக்கும் நஞ்சாவன. அத்தகைய ஒன்றை ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் விலக்கியது. மனிதருக்கு அந்த நொதியம் இல்லை என்ற வாதம், இத்துணைப்பொருளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சோடாப் போத்தல்

என்னைத் திடுக்கிட வைத்தது இவற்றுள் எதுவுமன்று. அந்த முதற் சனிக்கிழமை, பெரியையா தெளிகருவியைக் கிணற்றுக்கட்டில் வைத்துக் கழுவியதாகச் சொன்னார். அடைத்துக்கொண்ட விசிறுமுனையை வாயால் ஊதிச் சுத்தம் செய்ததாகவும் சொன்னார். மிஞ்சிய மருந்தை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். குசினித் தட்டைக் காட்டினார். உப்புச் சாடிக்கும் தேயிலைப் பேணிக்கும் நடுவே ஒரு சோடாப் போத்தல். உள்ளே பொன்னிறத் திரவம். மூன்று வயதுப் பேரன் அந்தத் தட்டின் கீழேயே விளையாடிக்கொண்டிருந்தான்.

“பெரியையா, இதைப் பார்த்தால் நானே தாகத்துக்கு எடுத்துக் குடிச்சிருப்பன்” என்றேன். அவர் பேசவில்லை. பெரியம்மா எழுந்து வந்து பேரனைத் தூக்கிக்கொண்டார்.

வாசகர்கள் தயவுசெய்து இன்றே தத்தம் வீட்டுத் தட்டுகளைப் பார்க்கவேண்டும். எந்த மருந்தும் அதன் சொந்தப் போத்தலில், பெயர்ச்சீட்டுடன், பூட்டிய பெட்டியில், குசினிக்கு வெளியே இருக்கவேண்டும். பூட்டின் தேவை குழந்தைகளுக்காக மட்டுமன்று. மனம் நொந்த ஒரு பொழுதில் எவர் கைக்கும் எட்டாமல் நஞ்சு இருப்பது எத்தனை உயிரைக் காக்கும் என்பதற்கு இலங்கையே உலகுக்குச் சான்றாயிற்று. 1990களின் நடுப்பகுதியிலிருந்து கொடிய பீடைநாசினிகளை அரசு ஒவ்வொன்றாக விலக்கிவரவே, தற்கொலை வீதம் 10 ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது; அதனால் விளைச்சல் குறைந்ததாகவும் தெரியவில்லை. அந்தப் பொழுது கடந்துவிட்டால் மனிதர் பெரும்பாலும் வாழவே விரும்புகின்றனர். வீட்டில் எவரேனும் அத்தகைய வேதனையில் இருப்பதாகத் தோன்றினால், பக்கத்தில் இருந்து பேசுங்கள். வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

தெளிக்கும்போது உடலுக்குள் மருந்து புகும் பெருவழி மூக்கு அன்று, தோல். கலக்கும் வேளையில் கையிற் படும் ஒரு துளி, நீர்கலந்த பல துளிகளுக்குச் சமம். ஆகவே கையுறையும், முழங்கை மூடிய சட்டையும், சப்பாத்தும், கலக்கும்போது கண்ணுக்குக் காப்பும் வேண்டும். சாரத்தை மடித்துக் கட்டி வெறுங்காலோடு அடிப்பது நம்மூர் வழக்கம், அது வீரமன்று. சோளகம் வீசும் மாதங்களில் தீவுகளில் துளி எங்கே போகும் என்று எவராலும் சொல்ல முடியாது. காற்றடங்கிய காலைப்பொழுதே ஏற்றது. முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் குளித்து, உடுப்பை மற்றவற்றோடு கலவாமல் தோய்க்கவேண்டும். வெறும் போத்தலை மும்முறை அலசி, அந்த நீரைத் தெளிகருவிக்குள்ளேயே விட்டு, தோட்டத்திலேயே அடித்துத் தீர்த்து, போத்தலைத் துளையிட்டுவிடவேண்டும். அதில் மண்ணெண்ணெய் வாங்கச் செல்வோரை நான் கண்டிருக்கிறேன். கண்ணிற் பட்டால் 15 நிமிடமாவது தண்ணீர் ஊற்றிக் கழுவவேண்டும். வாய்க்குள் போய்விட்டால் உப்புநீர் கொடுத்து வாந்தியெடுக்க வைப்பது தவறு. போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடவேண்டும். நெடுந்தீவிலிருந்து ஓடுவது எப்படி என்று கேட்பீர்கள். வைத்தியசாலை இருந்தாலும் பெரிய சிகிச்சைக்குக் கடல் கடக்கவேண்டிய ஊருக்குப் பூட்டிய பெட்டி இருமடங்கு அவசியம்.

கிணற்றைச் சுற்றியுள்ள நிலத்தில் எந்தக் களைநாசினியும் அடிக்கவேண்டாம் என்று பெரியையாவைக் கேட்டுக்கொண்டேன். அங்கே மண்வெட்டி போதும். வெங்காயப் பாத்தியின் இடைவெளியில் வைக்கோல் பரப்பினால் களையும் குறையும், இறைக்கும் நீரும் மிஞ்சும். வரம்பிலும் வேலியோரத்திலும் அயல்வீட்டு ஆடுகள் மேயட்டும். மருந்து, கோரையும் அறுகும் பின்னிப் பிணைந்த அந்த ஒரு துண்டுக்கு மட்டும், ஆண்டுக்கு ஒருமுறை.

எல்லாவற்றுக்கும் சம்மதித்தார். பழைய இரும்புப் பெட்டியொன்றுக்குப் புதுப் பூட்டு வாங்கித் திறப்பைத் தமது அரைநாணிற் கட்டிக்கொண்டார். பீலியின் கீழ் ஒரு நீலப் பீப்பாயும் வைத்தாயிற்று. தைப்பொங்கலுக்குச் சென்றபோது, பீப்பாயில் நீர் அடிமட்டத்துக்கு வந்திருந்தது. இவ்வளவையும் மருந்துக்கா விட்டீர்கள் என்று கேட்டேன்.

“மருந்தோ? ஒரு வாளிதான் எனக்குக் கிடைச்சது” என்றார் பெரியையா. “மழைத்தண்ணியிலை தேத்தண்ணி போட்டால் எப்பிடி இருக்குமெண்டு பெரியம்மா ஒருக்காப் பார்த்தவ. அதுக்குப் பிறகு என்னைப் பீப்பாய்க்குக் கிட்டவும் விடுகிறா இல்லை.”